மாலை சூடிய வேல்

படைக்கலக் கொட்டில் என்றதும் வேலும் வாளும் கேடயமும் நம் நினைவில் அணிவகுக்கும். அவற்றை வடித்தவன் யார், பழுது பார்த்தவன் யார் என்று கேட்போர் சிலரே. அந்தக் கேள்விக்கு வித்திட்ட பழஞ்சான்று நம் காஞ்சியிலேயே இருக்கிறது.

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் வந்தார் ஔவையார். தன் படைப்பெருக்கைக் காட்டி மருட்ட எண்ணிய மன்னன், அவரைப் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றான். அங்கு அவர் கண்டதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு கூறுகிறது. காவல் மிகுந்த மாளிகை. பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி நின்றன தொண்டைமானின் வேல்கள். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி, நுனி முறிந்து, கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வது போலப் பழித்தார்; பழிப்பது போலப் புகழ்ந்தார்!

நெய் பூசியது அறிவு. அது துருவைத் தடுக்கும். மாலை? எந்த வேலின் முனையை அது கூராக்கிற்று? கொட்டிலைக் காட்டினான் மன்னன்; கொல்லனைக் காட்டினானா?

தஞ்சைக்கு வருவோம். நாயக்கரும் மராட்டியரும் சேர்த்த படைக்கலங்கள் அரண்மனையில் குவிந்திருந்தன. யாளியும் கிளியும் செதுக்கிய பிடிகள். கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு! ஆனால் 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சரபோசி மன்னர் நாட்டாட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்தபோதே அவை வெறும் அணிகலன்களாயின. 1855இல் சிவாசி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தார். எஞ்சிய உரிமையும் போயிற்று. 1860களில், தேர்ந்தெடுத்த சில ஆயுதங்கள் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. மற்றவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலை போயின. செதுக்கிய யாளி சீறவுமில்லை, காக்கவுமில்லை.

இன்றைய கிடங்கின் நிலை என்ன? நீலகிரியின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலை, புகையில்லா வெடிமருந்தைச் செய்கிறது. இவ்வகை மருந்து தொடாமல் வைத்திருந்தாலும் மெல்லச் சிதையும்; வெப்பம் மிகுந்தால் விரைந்து சிதையும்; கவனியாது விட்டால் தானே தீப்பற்றும். ஆகவே நாள் குறித்து, மாதிரி எடுத்து, சோதித்து, கெட்டதைக் கழிக்கிறார்கள். அங்கே காவல் தெய்வம் வெப்பமானியும் கணக்கேடும் தொழிலாளியின் விழிப்புமே!

தோழர்களே! ஆயுத பூசையன்று தறிக்குப் பொட்டிடுகிறோம். நூல்களை மூடிவைத்து மலர் தூவுகிறோம். தொண்டைமானின் கொட்டில் இன்னும் இடியவில்லை; நம் வீடுகளில் நிற்கிறது. மாலையைக் களைவோம். தறி இயக்கும் கைக்கு உரிய கூலி கேட்போம். மூடிய நூலைத் திறப்போம். கூர்மை அங்கே பிறக்கும்.