மணிக்கட்டு எலும்பு முறிவு: சிகிச்சையும் மாவுக்கட்டுப் பராமரிப்பும்

கையை ஊன்றி விழும்போது, பெரும்பாலும் முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டை ஒட்டி முறிகிறது.

முதலுதவி
வீக்கம் கூடுமுன் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடவும். கையைத் துணியால் கழுத்திலிருந்து தாங்கிக் கட்டி மருத்துவமனைக்கு வரவும். எண்ணெய் தேய்த்து நீவுதல், மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டுதல் கூடாது.

சிகிச்சை
எக்ஸ்ரேயில் எலும்பு விலகாதிருப்பின் மாவுக்கட்டே போதுமானது. பொதுவாக 5 முதல் 6 வாரங்கள் இருக்கும். விலகியிருப்பின் மரப்பு மருந்து அளித்து நேராக்கிக் கட்டுவர். சிலருக்குக் கம்பி அல்லது தகடு பொருத்தும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

உடனே திரும்பி வர வேண்டிய அறிகுறிகள்
முதல் 2 நாட்களில் கட்டினுள் வீக்கம் கூடலாம். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்து, விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டவும். விரல்கள் மரத்துப்போதல், வெளிறுதல், நீலம் பாய்தல், மாத்திரைக்கு அடங்காத வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரவும். கட்டைத் தளர்த்தச் சில நிமிடங்களே ஆகும். தாமதித்தால் இரத்த ஓட்டமின்றித் தசைகள் செயலிழந்து, கை நிரந்தரமாக முடங்கக்கூடும்.

கட்டு பிரித்த பின்
விறைப்பு இயல்பானதே. இயன்முறைப் பயிற்சியை நாள்தோறும் செய்யவும். மருத்துவர் கூறும்வரை குடம் போன்ற பளுவைத் தூக்க வேண்டாம். 50 வயதைக் கடந்தவர்கள் எலும்பு அடர்த்திப் பரிசோதனை குறித்தும் மருத்துவரிடம் கேட்டறியவும்.