நண்பகற் சோறும் பந்தி பேதமும்

இராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்கெட்டிய தூரத்தில் அரணாய் நிற்க, சேத்தூர், தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி என்று ஒன்றையொன்று அடுத்து அமைந்த ஊர்கள் நெசவையும் தையலையும் நம்பி வாழ்பவை. ஒரு காலத்தில் கைத்தறியின் ஓசையும், பின்னர் விசைத்தறியின் இரைச்சலும், இன்று பெண்டிர் அணியும் நைட்டி முதலிய ஆயத்த ஆடைகளைத் தைக்கும் இயந்திரங்களின் சத்தமும் இவ்வூர்களின் பகற்பொழுதை நிறைத்து வந்திருக்கின்றன. நூல் விலை ஏறியதையும் கூலி குறைந்ததையும் இங்குள்ள பெரியவர்கள் வருஷக்கணக்கில் எடுத்துச் சொல்லுவார்கள். நான் சொல்லப் புகுவது வேறொரு சரித்திரம்: உழைப்பவர் நண்பகலில் எங்கே அமர்ந்து, யார் அருகில், எதை உண்டார் என்பதும், அவர் கொண்டுவந்த சோற்றை உடனுழைப்பவர் ஒருவர் ஆட்சேபித்தபோது என்ன நடந்தது என்பதும்.

கைத்தறிக் காலத்தில் இந்தக் கேள்வி எழ இடமே இல்லை. குழித்தறி வீட்டுக் கூடத்திலேயே இருந்தது. கணவன் நெய்ய, மனைவி தார் சுற்ற, பிள்ளைகள் அறுந்த இழையைப் பிணைக்க, பொழுது உச்சிக்கு வந்ததும் குழியினின்று காலை எடுத்து நாலடி நடந்தால் அடுக்களை. அங்கே உண்டது கம்பங்கஞ்சியோ சோளச்சோறோ, அதைப் பார்ப்பதற்கும் பழிப்பதற்கும் அந்நியர் ஒருவரும் உடனிருக்கவில்லை. தெருவும் கிணறும் ஜாதிவாரியாகப் பிரிந்துகிடந்த அந்நாளில், உடனுழைப்போரும் உடனுண்போரும் ஒரே குடும்பத்தாராகவே இருந்தமையால், பந்தியின் ஆசாரங்களுக்குத் தொழில் ஒருபோதும் சோதனையாக அமைந்ததில்லை.

அந்தச் சோதனையைக் கொண்டுவந்தது ஆலை. 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையத்தில் நூற்பாலையை நிறுவிய பின்னர், சுற்றுவட்டாரத்துக் கரிசற்காட்டு மக்கள் ஏரையும் தறியையும் விட்டுச் சங்கின் ஓசைக்குக் கட்டுப்பட்டு ஷிப்டுக்கு நடக்கலாயினர். நடுவில் வீட்டுக்குத் திரும்பி உண்டு வருவது இயலாத காரியம் ஆகிவிட்டதால், தூக்குவாளியும் கையுமாகப் புறப்படுவது புதிய பழக்கமாயிற்று. பல ஜாதியாரும் பல ஊராரும் ஒரே கூரையின் கீழ், ஒரே அரைமணி நேரத்தில், ஒருவர் சோறு மற்றவர் கண்ணிலும் மூக்கிலும் படும்படி அமர்ந்து உண்ணத் தொடங்கியது இவ்வட்டாரத்தின் சமூக வாழ்க்கையில் சிறிய மாறுதலன்று.

விசைத்தறிக் கூடங்களில் அக்காட்சியை இன்றும் காணலாம். தறிகள் நின்று இரைச்சல் அடங்கியதும், தலையிலும் புருவத்திலும் படிந்த பஞ்சுத் தூசைத் துண்டால் தட்டிவிட்டு, கை கழுவி, சுவரோரம் சம்மணமிட்டு அமர்ந்து, தூக்கைத் திறந்து, மூடியை மல்லாத்தி அதில் வெஞ்சனத்தை எடுத்துவைக்கிறார்கள். ஒருவர் மூடியில் புளிக்குழம்பில் வெந்த கத்தரிக்காய், இன்னொருவர் மூடியில் துவையல், மூன்றாமவர் மூடியில் நெத்திலிக் கருவாடு. கருவாட்டின் மணம் எழுந்த மாத்திரத்தில் முகத்தைச் சுளிப்பவர் எங்கும் ஒருவர் உண்டு. அவர் சொல்வதும் எங்கும் ஏறத்தாழ ஒன்றே: வாடை தாங்கவில்லை, குமட்டுகிறது, கொஞ்சம் தள்ளி உட்காரக் கூடாதா?

இந்த ஆட்சேபத்துக்கு ஆளானவர்கள் பலவாறு நடந்துகொள்வார்கள். மனம் ஒடுங்கியவர் மறுநாள் முதல் கருவாட்டை விடுத்து வெறுந் துவையலோடு வருவார். வேறொருவர் தறிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து அமர்ந்து அவசரமாக உண்டு எழுவார். இன்னொருவரோ வழக்கமான இடத்திலேயே அமர்ந்து, முகஞ்சுளித்தவரையும் முகங்கோணாமல் பார்த்து, "உனக்கு வேண்டாம்னா விடுப்பா, எனக்கு இதுதான் வெஞ்சனம்" என்று சொல்லிவிட்டு உண்பார். இம்மூவரில் கடைசியானவரே நியாயத்தின் பக்கம் நின்றவர் என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் கூறவேண்டுமானால், வாடை என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கும் பழைய சம்பிரதாயத்தைச் சற்று ஆராய்ந்து பார்க்கவேண்டும்.

பாவுக்குப் போடும் கஞ்சிப்பசை புளித்து நாறுவதை நெசவாளர் யாவரும் அறிவர். தறிக்கு விடும் எண்ணெயின் நாற்றமும், அடைத்த கூடத்தின் வேர்வை நாற்றமும் அவர்களுக்குப் புதிதல்ல. எட்டு மணி நேரம் இவற்றைப் பொறுத்துக்கொள்ளும் ஒருவரது நாசி, அரைமணி நேரத்துக் கருவாட்டை மட்டும் பொறுக்கவில்லை என்றால், அங்கே ஆட்சேபத்துக்கு உள்ளாவது வெறும் மணமன்று, அதை உண்பவரது வீடும் தெருவும் பிறப்பும் என்று ஐயுறுவதற்கு இடமிருக்கிறது. எல்லாரையும் இவ்வாறு குற்றஞ்சாட்டுவது அநீதி. பிறந்தது முதல் புலால் மணமே அறியாத வீட்டில் வளர்ந்தவருக்கு மெய்யாகவே வயிற்றைப் புரட்டுவது உண்டு. ஆயினும் நம் நாட்டின் சரித்திரம் அந்த ஐயத்தையே பெரிதும் உறுதிப்படுத்துகிறது.

அச்சரித்திரத்தில் நம் தென்பகுதிக்கு உரிய அத்தியாயம் சேரன்மாதேவியில் எழுதப்பட்டது. ஐரோப்பாவிலும் புதுச்சேரியிலும் தேச விடுதலைக்காகத் தம் இளமையைச் செலவிட்டுத் திரும்பிய வ. வே. சு. ஐயர், தேசபக்தியும் தமிழ்க் கல்வியும் உடலுழைப்பும் ஒருங்கே பயிலும் குருகுலம் ஒன்றை 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின்னர் சேரன்மாதேவிக்கு மாற்றினார். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்குப் பத்தாயிரம் ரூபாய் வாக்களித்து, அதில் ஐயாயிரத்தை வழங்கவும் செய்தது. அத்தகைய உன்னத லட்சியம் கொண்ட இடத்தில், பெற்றோர் விதித்த நிபந்தனையின் பேரில், பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே போஜனம் செய்ய அனுமதிக்கப்பட்டனர் என்ற செய்தி வெளிவந்ததும் தமிழகம் கொந்தளித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' பத்திரிகையில் ஓயாது எழுதினார். பின்னர் பெரியார் என்று அழைக்கப்பட்ட ஈரோட்டு ராமசாமி நாயக்கர் காங்கிரஸுக்குள்ளேயே நின்று போராடினார். காந்தியடிகளின் ஆலோசனை சமரசமானது: கொடுத்த வாக்கின்படி அவ்விருவரும் தனியே உண்ணட்டும், இனிமேல் அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்க்கலாகாது. அதுவும் ஒருவரையும் திருப்தி செய்யவில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டுவது தேசிய இயக்கத்தின் எந்த ஸ்தாபனத்திலும் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறவே, ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியை விட்டு விலகினர். ஜூன் மாதம் 3-ஆம் நாள் பாபநாசம் அருவியில் தம் மகளைக் காப்பாற்ற முயன்று ஐயர் உயிர் நீத்தார்; அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். இரண்டு சிறுவர் எங்கே அமர்ந்து உண்பது என்ற விஷயம் ஒரு தேசிய ஸ்தாபனத்தையே பிளந்ததை நினைத்துப் பார்க்கும்போது, உடனுண்பது அற்ப விஷயம் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

ரயில் நிலையங்களின் போஜன சாலைகளில் பிராமணருக்குத் தனியிடமும் ஏனையோருக்குத் தனியிடமும் இருந்த ஏற்பாடு பெருங்கிளர்ச்சிக்குப் பின் 1941-ல்தான் ஒழிந்தது. ஓட்டல் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்று எழுதும் வழக்கத்தை எதிர்த்துத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னால் 1957-ல் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. இதற்கிடையே 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், பொது உணவுச்சாலைக்குள் நுழைவதையும் அங்குள்ள பாத்திரங்களைப் புழங்குவதையும் தீண்டாமையின் பேரால் தடுப்போருக்குத் தண்டனை விதித்தது.

ஆலைத் தொழிலாளியின் சோற்றைப் பற்றிச் சட்டம் சற்று முன்னதாகவே கவலைப்பட்டிருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1949 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, நடுவே அரைமணியாவது ஓய்வு வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 150 பேருக்கு மேல் உழைக்கும் இடத்தில் குடிநீர் வசதியுடன் உணவு அறை வேண்டியிருந்தது. 250 பேருக்கு மேற்பட்டால், தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறும் நிர்வாகக் குழுவோடு கூடிய கேன்டீன் அமைக்குமாறு அரசாங்கம் விதிக்க இடமிருந்தது. உணவு அறை உள்ள இடத்தில் வேலைக்கூடத்தில் அமர்ந்து உண்ணலாகாது என்றும் விதி இருந்தது. இவ்விதிகளை இயற்றியவர்கள் சமபந்தியை மனத்தில் வைத்து இயற்றினரோ இல்லையோ, விளைந்த பயன் அதுவே: தறிக்குப் பின்னாலும் மரத்தடியிலும் கூட்டங்கூட்டமாகப் பிரிந்து உண்டவர்களை ஓர் அறைக்குள், நீண்ட பெஞ்சுகளின்மேல், தள்ளி அமர இடமில்லாதபடி அச்சட்டம் கொண்டுவந்து சேர்த்தது. வைகுண்டசாமி தென் திருவிதாங்கூரில் நடத்திய சமபந்தியும், வள்ளலார் 1867-ல் வடலூரில் தொடங்கிய தருமசாலையும் பக்தியின் பலத்தால் சாதித்ததை, ஆலையின் அரைமணி இடைவேளை அவசியத்தின் பலத்தால் ஓரளவு சாதித்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் பிறர் மனம் அறிந்து நடக்கும் பண்பு சட்டத்தால் வருவதன்று. அப்பண்பு இம்மக்களிடம் நிறையவே உண்டு. புரட்டாசி பிறந்துவிட்டால், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைச் சீனிவாசப் பெருமாளைச் சனிக்கிழமைதோறும் சேவிப்பவர்கள் புலாலைத் தொடுவதில்லை. ஆடியில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்களும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலையிட்டவர்களும் அவ்வாறே. அத்தகைய நாட்களில், விரதமிருப்பவர் வாய் திறந்து கேட்காமலே, பக்கத்தில் உள்ளவர் கருவாட்டுத் தூக்கை வீட்டில் வைத்துவிட்டு வருவதும், அல்லது தாமாகவே சற்று அப்பால் போய் அமர்வதும் சகஜம். நாளை தமக்கும் விரதம் வரும், அன்று அவரும் அவ்வாறே நடந்துகொள்வார் என்ற பரஸ்பர மரியாதை அது. கேளாமல் கிடைக்கும் இந்த மரியாதையையும், கேட்டு வாங்கப்படும் விலக்கத்தையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. முன்னது இருவரையும் சமமாக வைக்கிறது, பின்னது ஒருவரை மட்டும் எழுந்துபோகச் சொல்கிறது.

படித்தவர்கள் பணிபுரியும் இடங்களில் இந்தப் பழைய பேதம் ஒழிந்துவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. 2014-ல் சென்னையிலுள்ள ஆங்கில நாளேடு ஒன்றின் அலுவலகத்தில், சைவ உணவினராகிய பெரும்பான்மையோருக்கு அசௌகரியம் உண்டாகிறது என்ற காரணங்கூறி, கேன்டீனுக்குள் புலால் உணவு கொண்டுவரலாகாது என்று அறிவிப்பு வெளியிடப்பட்டது. 2018 டிசம்பரில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் உணவுக்கூடத்தில், சைவ உணவினருக்குத் தனி வாயில், தனிக் கைகழுவுமிடம் என்று ஒட்டப்பட்ட சுவரொட்டிகள் கண்டனம் எழுந்த பின்னரே அகற்றப்பட்டன. அதே ஆண்டில் அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டம்பாளையத்து அரசுப் பள்ளியில், தலித் பெண்மணி சமைத்த சத்துணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று ஊரார் சிலர் தடுக்க, அவரை இடமாற்றிப் பின் அந்த உத்தரவை ரத்துசெய்ய நேர்ந்தது. அவர் சமைத்தது சோறும் சாம்பாரும் போன்ற சாதாரண உணவே. அங்கே வாடையைக் காரணங்காட்டவும் வழியில்லை.

ஒருவர் தமக்கு வேண்டாததைத் தம் தட்டில் இடவிடாமல் மறுக்க முழு உரிமை உடையவர். மணம் ஒவ்வாதவர் தாமே எழுந்து காற்றோட்டமான இடத்துக்குச் செல்லவும் உரிமை உடையவர். அடுத்தவர் தூக்குக்குள் இருப்பதை விலக்கும் உரிமை அவருக்கு இல்லை. கருவாடும் முட்டையும் ஏழைத் தொழிலாளிக்கு மலிவாகக் கிடைக்கும் சத்துள்ள வெஞ்சனம். ஆசாரத்தின் பேரால் அதைப் பறிப்பது அவன் உடல் வலிமையில் கைவைப்பதாகும்.

கேன்டீனும் உணவு அறையும் பற்றிய சட்டவிதிகள் பெரிய ஆலைகளுக்கு உரியவை. பத்துப் பேரும் பதினைந்து பேரும் உழைக்கும் நம் தறிக்கூடங்களையும் தையற்கூடங்களையும் அவை எட்டவில்லை. ஆதலால் செட்டியார்பட்டியிலும் தளவாய்புரத்திலும் அத்தகைய கூடங்களை நடத்தும் முதலாளிகளை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: உங்கள் ஆட்கள் உண்பதற்கு நிழலும் காற்றும் உள்ள ஓரிடத்தை எல்லாருக்கும் பொதுவாக ஒதுக்குங்கள், ஒரே பானைத் தண்ணீரை எல்லாருக்கும் வையுங்கள், ஒருவர் வந்து மற்றவரின் வெஞ்சனத்தைப் பற்றி முறையிட்டால், முறையிட்டவரைச் சற்றுத் தள்ளி அமரச் சொல்லுங்கள்; உண்பவரை எழுப்பாதீர்கள்.