சீமேன் கார்டு ஓகியோ வழக்கு

தூத்துக்குடிக் கடலில் 2013 அக்டோபர் 12 அன்று இந்தியக் கடலோரக் காவல்படை மடக்கிய கப்பல் சீமேன் கார்டு ஓகியோ. அதை நடத்தியது அமெரிக்காவின் அட்வன்ஃபோர்ட் என்னும் தனியார் பாதுகாப்பு நிறுவனம். கப்பலில் பறந்தது சியரா லியோன் கொடி. இருந்தவர்கள் 35 பேர்: மாலுமிகள் 10, ஆயுதக் காவலர்கள் 25. எஸ்தோனியர் 14, இந்தியர் 12, பிரிட்டானியர் 6, உக்ரைனியர் 3. துப்பாக்கிகள் 35, தோட்டாக்கள் 5,600க்கும் மேல். வழக்கு தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவுக்குப் போனது.

சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த காலத்தில் சரக்குக் கப்பல்கள் கூலிக்குக் காவலர்களை ஏற்றிச்சென்றன. அவர்களில் பெரும்பாலோர் முன்னாள் படைவீரர்கள். ஆனால் துப்பாக்கியோடு ஒரு துறைமுகத்தில் இறங்கினால் அந்நாட்டு ஆயுதச் சட்டம் குறுக்கே வரும். அதற்குத் தொழில் கண்ட வழிதான் மிதக்கும் ஆயுதக் கிடங்கு. நடுக்கடலில் ஒரு கப்பல் நிற்கும். காவலர்களும் ஆயுதங்களும் அங்கிருந்து சரக்குக் கப்பலில் ஏறுவார்கள், ஆபத்தான பகுதி கடந்ததும் இறங்கிக்கொள்வார்கள். கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு செல்லும். ஓகியோ அந்த எல்லைக்குள் வந்துவிட்டது என்பதே அரசுத் தரப்பின் வாதம். கள்ளத்தனமாக டீசல் வாங்கியதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் என்ரிக்கா லெக்சி கப்பலிலிருந்த இத்தாலியப் படைவீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்திருந்தனர். அதன் பிறகு ஆயுதம் தாங்கிய அயல்கப்பலை நம் கடற்கரை நல்ல கண்ணோடு பார்க்கவில்லை.

கடலில் நிலை இது. கரையில், உள்நாட்டுக் காவல்தொழிலுக்கு 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் உண்டு. நிறுவனம் மாநில அரசின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் உரிமம் பெறவேண்டும். அது 5 ஆண்டு செல்லும். உரிமமின்றி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவலருக்கு 18 வயது நிரம்பியிருக்கவேண்டும், 65 ஆகியிருக்கக்கூடாது. நடத்தைச் சரிபார்ப்பும் பயிற்சியும் கட்டாயம். மத்திய அரசின் 2006 மாதிரி விதிகள் வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணி என்று வகுத்தன. முன்னாள் படைவீரருக்கு இது குறைவு. ராணுவம், போலீஸ் சீருடையை ஒத்த உடை அணிவதும் குற்றம். இவ்வளவும் நிறைவேற்றினாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை வந்துவிடாது; அதற்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். வேலைக்குச் சேர்கிறவர்கள் பலருக்குத் தெரியாத இடம் இதுதான்.

ஓகியோ வழக்கு பெரும்பாலும் இந்த ஆயுதச் சட்டத்தைச் சுற்றியே நடந்தது. கடற்பயணக் கப்பலின் வழக்கமான தளவாடமாக இருக்கும் ஆயுதங்களுக்கு அச்சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. கூலிக் காவலரின் துப்பாக்கி கப்பலின் தளவாடமா? நெருக்கடியால் உள்ளே வந்ததாகச் சொல்லும் கப்பலுக்குக் கடல் சட்டம் தரும் பாதுகாப்பு பொருந்துமா? நீதிமன்றங்கள் ஒரே விடை சொல்லவில்லை. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆயுத வழக்கை ரத்து செய்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, விசாரணை நடத்த உத்தரவிட்டது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் தலா 5 ஆண்டு கடுங்காவல் விதித்தது. இவர்கள் முதலாளிகள் அல்ல, சம்பளத்துக்கு வந்தவர்கள். கப்பல் எங்கே நிற்கவேண்டும் என்று முடிவுசெய்யும் இடத்தில் காவலர்கள் இருந்ததில்லை.

பிரிட்டனில் ‘சென்னை ஆறு பேர்’ என்ற பெயரில் அந்நாட்டவருக்காக இயக்கம் நடந்தது. அதே கூண்டில் நின்ற 12 இந்தியர்களுக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தபோது, கைதாகி நான்காண்டுகள் கடந்திருந்தன.