ஏற்காட்டு மலைப்பாதை சொல்லும் காம்பாக்ட் எஸ்.யூ.வி. வரலாறு

முன்னுரை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. சேர்வராயன் மலையின் மேல் இருக்கும் ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு வாகனம் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பிறகு அதே அளவு இறங்கவும் வேண்டும்.

இன்று இந்தப் பாதையில் அதிகம் காணப்படும் கார்களில் ஒன்று காம்பாக்ட் எஸ்.யூ.வி. பார்ப்பதற்கு ஜீப் போல உயர்ந்து நிற்கும். உள்ளே சாதாரணக் கார் போல இருக்கும். "மலைக்கு ஏற்ற வண்டி" என்று சொல்லியே பலர் இதை வாங்குகிறார்கள். ஆனால் இந்த வகைக் கார் மலைக்காகப் பிறந்ததா? இதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் புதிதாக வாங்குபவரும் பழையதை வாங்குபவரும் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

டோலியிலிருந்து ஜீப் வரை

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதன் பின் ஐரோப்பியர்கள் இங்கே தோட்டங்களை அமைத்தனர். அக்காலத்தில் மலை ஏற குதிரை, டோலி, சொந்தக் கால்கள் ஆகியவைதான் வழி. காப்பி மூட்டைகளைப் பொதிமாடுகள் சுமந்தன.

மோட்டார் வாகனங்கள் வந்த பின்பும் மலை ஏறுவது எளிதாகிவிடவில்லை. அம்பாசடர், ஃபியட் காலத்தில் பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்துவிடும். ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றுவார். மலைக்குப் போகிறவர்கள் ஒரு கேன் தண்ணீரும், பின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கல்லும் எடுத்துப் போவது வழக்கம்.

தோட்டங்களுக்குள் போகும் மண் பாதைகளை வென்றது ஜீப்தான். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட வில்லிஸ் ஜீப்பை, இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில் மஹிந்திரா நிறுவனம் இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. ஜீப்பின் அடிப்பகுதி ஏணி போன்ற கனமான இரும்புச் சட்டம். அதன் மேல்தான் உடல் பொருத்தப்படும். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் இழுவை போகும். முதுகு வலித்தாலும் தோட்டத்தின் கடைசி மேடு வரை அது போய்ச் சேரும். பின்னர் 1994 இல் டாடா சுமோவும், 2000 இல் மஹிந்திரா பொலேரோவும் வந்தன. இவையும் சட்டத்தின் மேல் உடல் கொண்ட வண்டிகளே.

கிராஸ்ஓவர் பிறந்த கதை

1980களின் இறுதியில் வெளிநாடுகளில் ஒரு புதிய எண்ணம் தோன்றியது. மக்களுக்கு ஜீப்பின் உயரம் பிடித்திருந்தது. அதன் குலுக்கல் பிடிக்கவில்லை. எனவே தனிச் சட்டம் இல்லாமல், காரைப் போல ஒரே கூடாக உடலைச் செய்து, அதை உயர்த்தி வைத்தால் என்ன என்று ஜப்பானிய நிறுவனங்கள் யோசித்தன. 1994 இல் டொயோட்டா ராவ்4, 1995 இல் ஹோண்டா சி.ஆர்.வி. ஆகியவை வந்தன. கார், எஸ்.யூ.வி. ஆகிய இரண்டின் கலப்பு என்பதால் இவற்றுக்கு கிராஸ்ஓவர் என்று பெயர் வந்தது.

கிராஸ்ஓவர் காடு மேடு தாண்டுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி அல்ல. மேடு பள்ளமான தார்ச்சாலையில் குடும்பத்தோடு வசதியாகப் போவதற்கு உயர்த்தப்பட்ட கார் அது. வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

நான்கு மீட்டர் கோடு

இந்தியாவில் இந்த வகைக்கு அளவெடுத்துத் தைத்தது மத்திய பட்ஜெட் என்றால் மிகையாகாது. 2006 ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள், டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அன்று முதல் நிறுவனங்கள் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் எண்ணத் தொடங்கின. 2017 இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் இந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் வரும் கார்களுக்கு 18 சதவீதமும், மற்ற பெரிய கார்களுக்கு 40 சதவீதமும் வரி. ஆக, பல காம்பாக்ட் எஸ்.யூ.வி.களின் பின்பகுதி வெட்டி எடுத்தது போல் இருப்பதற்குக் காரணம் மலைப்பாதை அல்ல, வரிப் பட்டியல்தான்!

மறைமலை நகரின் ஈகோஸ்போர்ட்

இந்த வகையை நாடு முழுவதும் பேச வைத்த கார் நம் தமிழ்நாட்டில்தான் தயாரானது. பிரேசிலில் 2003 முதல் விற்பனையான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் இரண்டாம் தலைமுறை, 2013 ஜூன் மாதம் இந்தியாவில் அறிமுகமானது. சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் தயாரான அதன் நீளம் 3,999 மில்லிமீட்டர். அதாவது கோட்டுக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் உள்ளே! கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மில்லிமீட்டர். ஆரம்ப விலை 5.59 லட்சம் ரூபாய். மூன்று வாரங்களுக்குள் 30,000 பேர் முன்பதிவு செய்தனர்.

ஒரே காரில் மூன்று எஞ்சின்கள் கிடைத்தன. 1.5 லிட்டர் டீசலும், 1.0 லிட்டர் டர்போ பெட்ரோலும் வரிச் சலுகைக்குள் வந்தன. 1.5 லிட்டர் சாதாரண பெட்ரோல் எஞ்சின் அளவில் பெரியது என்பதால் சலுகை கிடைக்கவில்லை. அதன் பின் 2016 இல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, 2017 இல் டாடா நெக்ஸான், 2019 இல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.300, ஹூண்டாய் வென்யூ, 2020 இல் கியா சோனெட், நிசான் மேக்னைட் என வரிசையாக வந்தன. இவற்றில் வென்யூ இருங்காட்டுக்கோட்டையிலும், மேக்னைட் ஒரகடத்திலும் உற்பத்தியாயின.

கதை இங்கே திரும்புகிறது. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 இல் மறைமலை நகர் ஆலையில் கார் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடரும் என்று நிறுவனம் உறுதியளித்தது. 2024 இல் அந்த ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தைத் தமிழக அரசிடம் தெரிவித்தது. ஆனாலும் ஏழெட்டு ஆண்டுக் கடனில் கார் வாங்கியிருந்த குடும்பங்களுக்கு அந்த அறிவிப்பு பேரிடியாக இருந்தது. கார் நன்றாக ஓடுகிறது. ஆனால் விற்கப் போனால் என்ன விலை கிடைக்கும்? இந்தக் கேள்வி காரின் தரத்தோடு சம்பந்தப்பட்டதே அல்ல.

மலை வைக்கும் தேர்வு

இனி ஏற்காட்டு மலை ஒரு காரிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, மூச்சு. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். 1,500 மீட்டரில் அது கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் எஞ்சின் வளைவுகளில் முதல் கியருக்கு இறங்கித் திணறும். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும்.

இரண்டாவது, பிடிமானம். மேடு ஏறும்போது எடை பின்பக்கம் சாயும். ஆனால் இந்த வகைக் கார்கள் அனேகமாக எல்லாம் முன் சக்கரத்தால் இழுப்பவை. ஈரமான தார்ச்சாலையில் பிரச்சினை இல்லை. சேறான காப்பித் தோட்டப் பாதையில் முன் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். அங்கே இன்றும் ஜீப்தான் ராஜா.

மூன்றாவது, இறக்கம். மேடு ஏறாத கார் அவமானத்தை மட்டும் தரும்; இறக்கத்தில் நிற்காத கார் உயிரைப் பறிக்கும். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் நோக்கி இறங்கிய தனியார் பேருந்து கவிழ்ந்து பல உயிர்கள் போயின. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழைய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பால பாடம்.

புதிதாக வாங்குவோர் கவனத்துக்கு

ஷோரூம் அருகே சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது போதாது. குடும்பத்தோடு ஏறி, ஏ.சி. போட்டு, ஏதேனும் ஒரு மேட்டில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். மேட்டில் வண்டி பின்னால் நழுவாமல் சில நொடிகள் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு வசதி மலைக்குப் போகிறவர்களுக்கு சன்ரூஃபைவிடப் பல மடங்கு பயன்படும். விலை குறைந்த ஏ.எம்.டி. ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறும்போது ஒரு கணம் இழுவை விட்டுப்போகும். வளைவில் அது தெரியும் என்பதால் கட்டாயம் மேட்டில் சோதிக்க வேண்டும்.

2018 இறுதியில் டாடா நெக்ஸான், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அந்தச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு அதுவே. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் சோதனையும் நடைமுறைக்கு வந்துள்ளது. வாங்கும் மாடலின் மதிப்பெண்ணைப் பார்ப்பது விலையைப் பார்ப்பதைப் போலவே அவசியம்.

டீசல் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. அது சுத்தமாக, அவ்வப்போது நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட வேண்டும். ஏற்காட்டுக்குள்ளேயே கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காருக்கு டீசல் ஏற்றதல்ல.

பழையது வாங்குவோர் கவனத்துக்கு

மலையில் ஓடிய 30,000 கிலோமீட்டரும் சமதளத்தில் ஓடிய 30,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல. மீட்டர் ஒரே எண்ணைக் காட்டும். கிளட்ச் அப்படிக் காட்டாது. மேட்டில் உயர் கியரில் அழுத்தும்போது எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பிரேக் டிஸ்க்கில் ஆழமான கோடுகள், அடிப்பகுதியில் கல் உரசிய தழும்பு, டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருத்தல் ஆகியவற்றை வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

குறிப்பாகப் பழைய ஈகோஸ்போர்ட் வாங்குவோர் எஞ்சினைக் கேட்டு வாங்க வேண்டும். 1.0 லிட்டர் டர்போ மலையில் அருமையாக இழுக்கும். ஆனால் அதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுவது. சரியான ஆயில் காலத்தில் மாற்றப்பட்டதா என்பதை சர்வீஸ் புத்தகத்தில் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2017 இறுதிக்கு முந்தைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் இருந்தது. அதற்குப் பின் வழக்கமான டார்க் கன்வர்ட்டர் வந்தது. ஊர்ந்து ஏறும் மலைப் போக்குவரத்துக்குப் பின்னதே பொருத்தம். சேலத்தில் யார் சர்வீஸ் செய்வார்கள், பாகம் எத்தனை நாளில் வரும் என்று விசாரித்த பிறகே முன்பணம் தர வேண்டும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற கார் பளபளப்பாகத் துடைக்கப்பட்டு வேறு ஊரில் விலைக்கு வரலாம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் உள்ளே படிந்த சேறு காட்டிக்கொடுக்கும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் கையில் வர வேண்டும். 14 நாள்களுக்குள் இன்சூரன்ஸையும் பெயர் மாற்ற வேண்டும்.

முடிவுரை

ஜீப் போர்க்களத்தில் உருவானது. கிராஸ்ஓவர் நகர மக்களின் வசதிக்காக உருவானது. இந்தியக் காம்பாக்ட் எஸ்.யூ.வி. வரிச் சட்டத்தின் ஒரு வரியால் அளவு பெற்றது. இவற்றில் எதுவும் ஏற்காட்டை மனத்தில் வைத்துச் செய்யப்படவில்லை. ஆயினும் எஞ்சின், பிரேக், கிளட்ச், பின்னால் நிற்கும் சர்வீஸ் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் இந்தச் சிறிய கார் சேர்வராயன் மலையை ஏறி, பத்திரமாக இறங்கியும் விடும்.

பெயர்ப் பலகையில் எஸ்.யூ.வி. என்று எழுதியிருப்பதால் ஒரு கார் மலை வண்டி ஆகிவிடாது. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, "இது எவ்வளவு வேகம் போகும்?" என்பதல்ல. "இருபதாவது வளைவிலிருந்து என் பிள்ளைகளோடு இறங்கும்போது இது நிற்குமா?" என்பதே.