ஊவாப் பெருந்தோட்டப் பாதைகளும் பொதுப்பணமும்

ஒரு பாதையின் வரலாற்றை அறிய விழைவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அதனைத் திட்டமிட்டவர் யார்? அதற்குப் பணம் கொடுத்தவர் யார்? அதனாற் பயன்பெற்றவர் யார்? இம்மூன்றுக்கும் ஒரே விடை கிடைப்பது அரிது. பதுளை நகருக்கு அண்மையில், நமுனுகுலை மலைச்சாரலில் அமைந்துள்ள ஸ்பிரிங்வெளி போன்ற ஊவாத் தோட்டங்களின் பாதைகளை இந்நோக்கில் ஆராயுமிடத்து, மலையக மக்களின் அரசியல் வரலாற்றின் ஒரு முக்கிய கூறு தெளிவாகின்றது.

மலைநாட்டிற் கோப்பிச் செய்கை பரவிய காலத்தில் ஊவா கொழும்புத் துறைமுகத்திலிருந்து மிகத் தொலைவில் இருந்தது. விளைபொருளைக் கொண்டுசெல்லப் பொதிமாடுகளும் மாட்டு வண்டிகளுமே உதவின. எனவே பாதை அமைத்தல் ஆட்சியாளரின் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று. தேசாதிபதி டொறிங்ரனின் ஆட்சியில், 1848ஆம் ஆண்டின் பாதைக் கட்டளைச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் பாதை வேலை செய்தல் வேண்டும், அன்றேல் 3 சிலின் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டிற் கண்டிப் பிரதேசத்தில் எழுந்த கலகத்திற்கு இவ்வரியும் ஒரு காரணமாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் இக்கடமையிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். தொழிலாளர் வருகை குன்றலாகாது என்னும் தோட்டத்துறையின் நலனே இவ்விலக்குக்கு அடிப்படை எனலாம். தொழிலாளி வரி செலுத்தும் குடியாக அன்றி, உழைப்புச் சக்தியாக மட்டுமே கணிக்கப்பட்டான் என்பதற்கு இது சான்றாகும்.

1866ஆம் ஆண்டின் கிளைப்பாதைக் கட்டளைச் சட்டம், பிரதான பாதையிலிருந்து தோட்டங்களுக்குச் செல்லும் பாதைகளின் செலவை அரசும் தோட்ட உரிமையாளரும் பகிர்ந்துகொள்ள வழிவகுத்தது. செலவிற் பங்கேற்ற துரைமாரே பாதை செல்லும் வழியையும் தீர்மானிக்க வல்லவராயினர். புகையிரதப் பாதையின் வரலாறும் இத்தகையதே. 1867இல் கண்டியை அடைந்த புகையிரதம் 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டிற்று. பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924இலேயே. இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை நிலைபெற்ற மாற்றம் இவ்விரிவாக்கத்தின் வேகத்தைப் பாதித்தது. ஏற்றுமதிப் பயிரின் நிலையே பாதையின் எல்லையை வரையறுத்தது.

வரியிலிருந்து விலக்கப்பட்டமையால் தொழிலாளர் பொதுநிதிக்கு எதுவும் வழங்கவில்லை என்று கொள்ளலாமா? அவ்வாறு கொள்வது பொருந்தாது. அவர்கள் உண்டது இறக்குமதி அரிசி. அவ்வரிசிக்குச் சுங்கத் தீர்வை அறவிடப்பட்டது. உள்நாட்டு நெல்வரி 1892இல் நீக்கப்பட்ட பின்னரும் இத்தீர்வை தொடர்ந்தது. ஆகவே ஒவ்வொரு வேளை உணவிலும் அவர்கள் அரசுக்கு வரி செலுத்தினர். அவ்வரியைச் செலவிடுவதில் மட்டும் அவர்களுக்குப் பங்கு இருக்கவில்லை.

உள்ளூராட்சி வளர்ந்தபோதும் இந்நிலை மாறவில்லை. 1930களின் பிற்பகுதியிற் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டவேளை, இந்தியத் தொழிலாளரை வாக்குரிமையிலிருந்து விலக்க முயற்சி செய்யப்பட்டது. இந்திய அரசு ஆட்சேபித்ததும், இனம் குறிப்பிடாது தோட்டங்களில் வதியும் தொழிலாளர் அனைவரையும் விலக்குவதாக அவ்விதி மாற்றப்பட்டது. சொல் மாறிற்று, பயன் மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1975இற் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பெனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. எவர் நிருவகித்தபோதும், லயங்களுக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடுவது முகாமையின் விருப்பத்திலேயே தங்கியிருந்தது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இம்முரண்பாட்டை நன்கு புலப்படுத்திற்று. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாற் பிரசாவுரிமை பெற்ற தோட்ட மக்கள் பிரதேச சபைத் தேர்தல்களில் வாக்களித்தனர், உறுப்பினராகவும் அமர்ந்தனர். எனினும் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. நகரவாசி தன் தெருவுக்கு விளக்கும் வடிகாலும் வேண்டும் எனச் சபையைக் கேட்கலாம். தோட்டவாசியோ, தான் தெரிவுசெய்த உறுப்பினரிடமே அதனைக் கேட்டுப் பெற இயலாதவனாயிருந்தான். மூன்று தசாப்தங்களின் பின்னர், 2018இலேயே இப்பிரிவு திருத்தப்பட்டது.

இத்திருத்தம் ஒரு தடையை நீக்கியதேயன்றி, நிதியை வழங்கவில்லை. மலைப் பிரதேசத்திற் பாதை அமைத்தல் பெருஞ்செலவுடையது. மண்சரிவு அதனை மேலும் உயர்த்துகின்றது. பிரதேச சபைகளின் வருவாயோ சிறிது. கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச்செல்லும் பாதை நூறாண்டுகளுக்கு முன்னரே திட்டமிடப்பட்டது. பிரசவ வேதனையுறும் பெண்ணை லயத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் பாதையைத் திட்டமிடும் அதிகாரம் 2018இலேயே மக்கள் சபையின் கைக்கு வந்தது. வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென ஓர் இடம் ஒதுக்கப்படும்போதே அவ்வதிகாரம் பொருளுடையதாகும்.