கோனன் டாயிலும் ஷெர்லாக் ஹோம்ஸும்

ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் கற்பனைத் துப்பறிவாளருக்கும் அவரைப் படைத்த பிரித்தானிய எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயிலுக்கும் (1859–1930) இடையிலான உறவு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. ஒரு படைப்பாளி தன் படைப்பின் மீது எந்த அளவுக்கு அதிகாரம் செலுத்த இயலும் என்ற கேள்வி எழும்போது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் உறவு இதுவாகும். டாயில் 1893ல் ஹோம்ஸைக் கதைக்குள் கொன்றதும், பத்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் திரும்பக் கொண்டுவந்ததும் பரவலாக அறியப்பட்ட செய்திகள். அதே அளவுக்கு அறியப்படாத மற்றொரு செய்தியும் உண்டு. தம் வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆவியுலகக் கொள்கையைப் பரப்புவதிலேயே ஈடுபட்டிருந்த டாயில், அக்கொள்கையை ஹோம்ஸின் வாயில் ஒருபோதும் வைக்கவில்லை.

தோற்றம்

டாயில் எடின்பரோவில் பிறந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். அங்கு அவருடைய ஆசிரியராக இருந்த அறுவை மருத்துவர் ஜோசப் பெல், நோயாளி வாய் திறக்கும் முன்பே அவருடைய தொழில், ஊர், பழக்கங்கள் ஆகியவற்றைத் தோற்றத்தைக் கொண்டே சொல்லிவிடும் திறன் வாய்ந்தவர். ஹோம்ஸின் உய்த்துணரும் முறைக்குப் பெல்லே முன்மாதிரி என்பதை டாயிலே ஒப்புக்கொண்டார். 1892ல் வெளிவந்த முதல் சிறுகதைத் தொகுப்பு பெல்லுக்கே காணிக்கை ஆக்கப்பட்டது. பெல்லை அறிந்திருந்த ஆர். எல். ஸ்டீவன்சன், தொலைதூரச் சமோவாவில் இருந்தபடியே இந்த ஒற்றுமையைக் கண்டுகொண்டு டாயிலுக்குக் கடிதம் எழுதினார்.

முதல் குறிப்புகளில் துப்பறிவாளரின் பெயர் ஷெரின்ஃபோர்ட் ஹோம்ஸ் என்றும், நண்பரின் பெயர் ஆர்மண்ட் சாக்கர் என்றும் இருந்தன. 1886ல் எழுதி முடிக்கப்பட்ட முதல் புதினமான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' சில பதிப்பாளர்களால் திருப்பி அனுப்பப்பட்டது. இறுதியில் வார்டு லாக் நிறுவனம் முழு உரிமையையும் 25 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் பங்கு வேண்டும் என்ற டாயிலின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1887 இறுதியில் ஒரு கிறித்துமஸ் ஆண்டு மலரில் அக்கதை வெளிவந்தது. அக்கதைக்காக டாயிலுக்கு அதன்பின் ஒரு பென்னியும் கிடைக்கவில்லை. பின்னாளில் எந்தப் பாத்திரத்துக்காக உலகிலேயே மிக உயர்ந்த ஊதியங்களுள் ஒன்றைப் பெற்றாரோ, அந்தப் பாத்திரத்தின் பிறப்பு விலை இதுதான்.

புகழ் தொடங்கியது சிறுகதைகளால் ஆகும். 1891ல் டாயில் இலண்டனில் கண் மருத்துவராகத் தொழில் தொடங்கினார். நோயாளிகள் எவரும் வராத அந்நாட்களில் ஹோம்ஸ் சிறுகதைகளை எழுதி 'ஸ்ட்ராண்ட்' இதழுக்கு அனுப்பினார். ஒவ்வொரு கதையும் தன்னளவில் முடிவடைய வேண்டும், ஆனால் பாத்திரம் தொடர வேண்டும் என்பது அவருடைய கணக்கு. தொடர்கதையில் ஓர் இதழைத் தவறவிட்ட வாசகர் விலகிவிடுவார். இம்முறையில் அந்தச் சிக்கல் இல்லை. 1891 யூலையில் முதல் சிறுகதை வெளிவந்தது. சிட்னி பாஜெட் வரைந்த படங்களும் சேர்ந்து ஹோம்ஸுக்கு ஒரு முகத்தைக் கொடுத்தன.

வெறுப்பும் கொலையும்

டாயில் தம்மை வரலாற்றுப் புதின ஆசிரியராகவே கருதினார். பதினான்காம் நூற்றாண்டுப் போர்வீரர்களைப் பற்றிய 'தி ஒயிட் கம்பெனி' (1891) போன்றவையே தம் பெயரை நிலைநிறுத்தும் என்று நம்பினார். ஹோம்ஸ் தம்மை மேலான பணிகளிலிருந்து இழுத்துப் பிடிப்பதாக அவருக்குப் பட்டது. ஸ்ட்ராண்டில் தொடர் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த 1891 நவம்பரிலேயே, ஹோம்ஸைக் கொன்றுவிட எண்ணியிருப்பதாகத் தம் தாயாருக்கு எழுதினார். தாயார் அதைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்த்ததோடு நில்லாமல், பெண்ணின் கூந்தலை மையமாகக் கொண்ட கதைக்கருவொன்றையும் மகனுக்குத் தந்தார். அதுவே 'தி காப்பர் பீச்சஸ்' என்ற கதையானது. அவ்வகையில் ஹோம்ஸின் ஆயுளை முதலில் நீட்டித்தவர் டாயிலின் தாயாரே.

இதழாசிரியர்களைத் தட்டிக்கழிக்கும் நோக்கத்துடன் டாயில் ஊதியத்தை உயர்த்திக்கொண்டே போனார். அடுத்த பன்னிரண்டு கதைகளுக்கு 1,000 பவுண்டு கேட்டபோது அதையும் தயங்காமல் தந்தனர். வாசகர்களின் ஆர்வம் அப்படி இருந்தது.

1893ல் சுவிட்சர்லாந்து சென்ற டாயில், மைரிங்கன் ஊரின் அருகிலுள்ள ரைக்கன்பாக் அருவியைக் கண்டார். அவ்வாண்டு திசம்பரில் வெளியான 'தி ஃபைனல் பிராப்ளம்' கதையில், ஹோம்ஸும் குற்றவுலகின் தலைவரான பேராசிரியர் மோரியார்டியும் மற்போரிட்டு அந்த அருவிக்குள் விழுந்து மறைகின்றனர். மோரியார்டி இக்கதைக்காகவே உருவாக்கப்பட்ட பாத்திரம் என்பது குறிப்பிடத்தக்கது. ஹோம்ஸைக் கொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்குமேல் அவருக்கு அப்போது வேலை இல்லை. சில ஆண்டுகளுக்குப் பின் ஆற்றிய உரையொன்றில், அது கொலை அல்ல, தற்காப்பு என்று டாயில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அவ்வாண்டில் அவருடைய மனைவி லூயிசாவுக்குக் காசநோய் கண்டறியப்பட்டதையும், தந்தையார் மனநல விடுதியில் இறந்ததையும் கருத்தில் கொண்டால், அந்த வேடிக்கைக்குள் இருந்த சோர்வையும் உணர முடியும்.

ஏறத்தாழ 20,000 வாசகர்கள் ஸ்ட்ராண்ட் சந்தாவை நிறுத்திவிட்டதாகக் கூறப்படுகிறது. டாயிலைக் கொடியவர் என்று ஏசிய கடிதங்களும் வந்தன. இலண்டன் இளைஞர்கள் கையில் கறுப்புப் பட்டி அணிந்து துக்கம் காத்தனர் என்ற கதை பல நூல்களில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. ஆனால் அக்கால ஏடுகளிலிருந்து அதற்கு உறுதியான சான்று காட்டப்படவில்லை. தன் குடும்பத்தார் மறைந்தபோது வராத இரங்கல் கற்பனை மனிதனுக்கு வந்ததைக் கண்ட டாயிலின் வியப்புக்கு இந்தக் கட்டுக்கதை தேவையும் இல்லை.

மீட்பு

அடுத்த எட்டு ஆண்டுகள் டாயில் ஹோம்ஸ் கதை எதையும் எழுதவில்லை. ஆனால் ஹோம்ஸ் அவரிடமிருந்து மெல்ல விலகி வேறு கைகளுக்குச் சென்றுகொண்டிருந்தார். அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட் 1899ல் ஹோம்ஸ் நாடகத்தை அரங்கேற்றினார். நாடகத்தில் ஹோம்ஸுக்குத் திருமணம் செய்துவைக்கலாமா என்று அவர் தந்தி மூலம் கேட்டபோது, மணம் செய்தாலும் கொன்றாலும் தமக்கு ஒன்றுதான் என்ற பொருளில் டாயில் விடையளித்தார். இன்று ஹோம்ஸின் அடையாளமாகிவிட்ட வளைந்த புகைக்குழாய் ஜில்லெட்டின் மேடையிலிருந்து வந்தது. மான்வேட்டைத் தொப்பி பாஜெட்டின் படங்களிலிருந்து வந்தது. டாயிலின் கதைகளில் அத்தொப்பி அப்பெயரால் குறிக்கப்படவே இல்லை. வாட்சனை விளித்து, இது மிக எளிது என்று ஹோம்ஸ் சொல்வதாக எல்லோரும் மேற்கோள் காட்டும் தொடரும் அதே வடிவில் எந்தக் கதையிலும் இல்லை.

1901ல் டார்ட்மூர் பகுதியில் வழங்கிய வேட்டைநாய்க் கதையொன்றைக் கொண்டு புதினம் எழுத டாயில் முற்பட்டபோது, அதற்கொரு வலுவான மையப் பாத்திரம் தேவைப்பட்டது. ஹோம்ஸ் இல்லாவிட்டால் ஆயிரம் சொற்களுக்கு 50 பவுண்டு, ஹோம்ஸ் இருந்தால் 100 பவுண்டு என்று ஸ்ட்ராண்டிடம் கூறினார். இதழ் எதைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லத் தேவையில்லை. எனினும் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' ஹோம்ஸின் இறப்புக்கு முன் நிகழ்ந்ததாகவே எழுதப்பட்டது. அமெரிக்காவின் 'கோலியர்ஸ்' இதழ், பதின்மூன்று கதைகளுக்கு 45,000 டாலர் வரை தர முன்வந்த பிறகே, 1903ல் வெளியான 'தி எம்ப்டி ஹவுஸ்' கதையில் ஹோம்ஸ் உயிருடன் திரும்பினார். அருவியில் விழுந்தது மோரியார்டி மட்டுமே என்று விளக்கம் தரப்பட்டது. வாட்சன் உடலைக் கண்டதாக முந்தைய கதையில் எழுதப்படாதது இதற்கு வசதியாயிற்று.

ஹோம்ஸ் அருவியில் சாகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதன்பின் அவர் பழைய ஆளாக இல்லை என்று ஒரு கார்ன்வால் படகோட்டி தம்மிடம் கூறியதை டாயில் தம் தன்வரலாற்றில் பதிந்துள்ளார். பிற்காலக் கதைகளைப் படிப்போர் பலருக்கும் இக்கருத்து உடன்பாடானதே.

படைத்தவரே துப்பறிவாளராதல்

ஹோம்ஸ் உண்மையான மனிதர் என்று எண்ணியும், எண்ணாமலும், பலர் தம் சிக்கல்களைத் தீர்த்துத் தருமாறு டாயிலுக்கு எழுதினர். அவற்றுள் முதன்மையானது ஜார்ஜ் எடல்ஜி வழக்கு. எடல்ஜி, பம்பாயைச் சேர்ந்த பார்சி மரபில் பிறந்து ஆங்கிலத் திருச்சபைக் குருவானவரின் மகன், வழக்குரைஞர். இங்கிலாந்தின் கிரேட் வர்லி ஊரில் இரவில் கால்நடைகளின் உடலைக் கிழித்த குற்றத்துக்காக 1903ல் ஏழாண்டுத் தண்டனை பெற்று, மூன்றாண்டுகளில் விடுவிக்கப்பட்டிருந்தார். ஆனால் குற்றவாளி என்ற பெயர் நீங்கவில்லை.

1907 தொடக்கத்தில் ஒரு விடுதியில் எடல்ஜியைச் சந்திக்கச் சென்ற டாயில், அவர் செய்தித்தாளை முகத்துக்கு மிக அருகில், சற்றுச் சாய்த்துப் பிடித்துப் படிப்பதைக் கண்டார். கண் மருத்துவம் பயின்றிருந்த அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அத்தகைய பார்வைக் குறையுள்ளவர் இருளில் வயல்களைக் கடந்து சென்று அக்குற்றத்தைச் செய்திருக்க முடியாது என்று வாதிட்டு நாளிதழில் கட்டுரைகள் எழுதினார். அவ்வாண்டிலேயே எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது; இழப்பீடு தரப்படவில்லை. இங்கிலாந்தில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1907ல் அமைக்கப்பட இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று. கிளாஸ்கோவில் கொலைக் குற்றத்துக்காக 1909ல் தண்டிக்கப்பட்ட ஆஸ்கார் சிலேட்டருக்காகவும் டாயில் நீண்டகாலம் போராடினார். அத்தீர்ப்பு 1928ல் நீக்கப்பட்டது. டாயில் வெறுத்த பாத்திரம் அவருக்குத் தந்த புகழ் இல்லாவிட்டால், இவ்விருவருக்காக அவர் எழுதியவற்றை நாளிதழ்கள் அத்தனை பெரிதாக வெளியிட்டிருக்குமா என்பது ஐயமே.

ஆவியுலகமும் ஹோம்ஸும்

டாயில் இளமையிலிருந்தே ஆவியுலக ஆய்வுகளில் நாட்டம் கொண்டிருந்தார். 1916ல் தம் நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தார். மகன் கிங்ஸ்லியின் மறைவே அவரை இதில் தள்ளியது என்று பலர் எழுதியுள்ளது தவறு. கிங்ஸ்லி இறந்தது 1918ல். அத்துயரம் முன்பே இருந்த நம்பிக்கையை இறுக்கியது எனலாம்.

காட்டிங்லி என்னும் ஊரில் இரு சிறுமிகள் எடுத்த தேவதைப் படங்களை உண்மை என்று ஏற்று, 1920 திசம்பர் ஸ்ட்ராண்ட் இதழில் டாயில் கட்டுரை எழுதினார். 1922ல் அதை நூலாகவும் விரித்தார். அப்படங்கள் பெரும்பாலும் அட்டை உருவங்களைக் கொண்டு எடுக்கப்பட்டவை என்பதை அவ்விருவரும் முதுமையில், 1983ல், ஒப்புக்கொண்டனர். சேற்றுக் கறையைக் கொண்டு ஒருவர் வந்த வழியைச் சொல்லும் துப்பறிவாளரைப் படைத்தவர் அட்டைத் தேவதைகளை நம்பினார் என்று அன்றே ஏளனம் எழுந்தது.

அதே ஸ்ட்ராண்ட் இதழில், 1924 சனவரியில், இரத்தக் காட்டேரி பற்றிய ஐயத்துடன் ஹோம்ஸிடம் ஒரு வழக்கு வருகிறது. காட்டேரிகளுக்கும் பேய்களுக்கும் தம் தொழிலில் இடமில்லை என்ற நிலையில் நின்று, முற்றிலும் மனிதச் செயலாகவே ஹோம்ஸ் அதை விளக்கிவிடுகிறார். படைத்தவர் இறந்தோருடன் பேசும் கூட்டங்களுக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்துகொண்டிருந்த காலம் அது.

டாயிலால் தம் பாத்திரங்களை மதம் மாற்ற இயலாது என்பதல்ல. அவருடைய மற்றொரு புகழ்பெற்ற பாத்திரமான பேராசிரியர் சேலஞ்சர், 1926ல் நூலாக வெளிவந்த 'தி லேண்ட் ஆஃப் மிஸ்ட்' புதினத்தில், ஆவியுலகக் கொள்கையை மறுக்கும் அறிவியலாளராகத் தொடங்கி அதை ஏற்பவராக முடிகிறார். சேலஞ்சர் ரசிகர்கள் பலருக்கு அது ஏமாற்றமே தந்தது. உலகெங்கும் நம்பகத்தன்மை பெற்றிருந்த ஹோம்ஸ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாயிலின் இயக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய விளம்பரம் மிகப் பெரிது. அவர் அதைச் செய்யவில்லை. விலை வீழ்ந்துவிடும் என்ற அச்சம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தம் பெயர், பணம், நட்புகள் ஆகிய அனைத்தையும் அக்கொள்கைக்காகப் பணயம் வைத்தவருக்கு அந்த விளக்கம் மட்டும் பொருந்தவில்லை. தமக்குப் பிடிக்காத பாத்திரமாயினும், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அவர் மதித்தார் என்று கொள்வதே பொருத்தம்.

டாயிலுக்குப் பின்

ஹோம்ஸ் பற்றிய கடைசிக் கதை 1927ல் வெளிவந்தது. மொத்தம் 4 புதினங்களும் 56 சிறுகதைகளும் உள்ளன. டாயில் 1930 யூலை 7 அன்று காலமானார்.

வேகமாக எழுதியதால் டாயில் விட்ட முரண்பாடுகள் பல. வாட்சனின் போர்க்காயம் ஒரு கதையில் தோளிலும் மற்றொன்றில் காலிலும் உள்ளது. ஜான் வாட்சனை அவருடைய மனைவியே ஓரிடத்தில் ஜேம்ஸ் என்று அழைக்கிறார். 1911ல் ரொனால்ட் நாக்ஸ் என்னும் அறிஞர், விவிலிய ஆய்வு முறையைப் பகடி செய்யும் நோக்கில் இம்முரண்பாடுகளை ஆராய்ந்து கட்டுரை படித்தார். கட்டுரையைக் கண்ட டாயில், இதற்காக ஒருவர் இவ்வளவு உழைத்திருக்கிறாரே என்று வியந்து அவருக்கு எழுதினார். அதிலிருந்து வளர்ந்த வாசகர் விளையாட்டில் ஹோம்ஸும் வாட்சனும் உண்மை மனிதர்கள். கதைகளை எழுதியவர் வாட்சன். டாயில் அவற்றை இதழ்களுக்குக் கொண்டு சேர்த்த முகவர் மட்டுமே. 1934ல் நியூயார்க்கில் தொடங்கிய 'பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ்' முதலிய வாசகர் கழகங்கள் இம்மரபைப் பின்பற்றுகின்றன. பேக்கர் தெரு 221பி என்ற முகவரி கதை எழுதப்பட்ட காலத்தில் இல்லை. பின்னர் தெரு எண்கள் மாற்றப்பட்டபோது அவ்வெண் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் கட்டடத்துக்குள் அடங்கியது. ஹோம்ஸுக்கு வந்த கடிதங்களுக்கு விடையெழுத அந்நிறுவனம் தனியே ஒரு செயலாளரை அமர்த்தியிருந்தது.

ஹோம்ஸ் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பின்னர் நீதிமன்றங்களுக்குச் சென்றது. பழைய கதைகள் பொதுவுரிமைக்கு வந்துவிட்டபோதும், கடைசிக் கதைகள் காப்புரிமையில் இருப்பதால் பாத்திரம் முழுவதும் தமக்கே உரியது என்று டாயிலின் உரிமையாளர் நிறுவனம் அமெரிக்காவில் வாதிட்டது. 2014ல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2020ல் 'ஈனோலா ஹோம்ஸ்' திரைப்படத்துக்கு எதிராக அதே நிறுவனம் தொடுத்த வழக்கில் முன்வைத்த வாதம் விந்தையானது. பழைய கதைகளின் ஹோம்ஸ் உணர்ச்சியற்றவர். முதல் உலகப் போரில் டாயில் தம் மகனையும் தம்பியையும் இழந்த பின் எழுதிய கதைகளில்தான் ஹோம்ஸ் அன்பும் பரிவும் கொண்டவரானார். ஆகவே பரிவு காட்டும் ஹோம்ஸ் இன்னும் காப்புரிமைக்கு உட்பட்டவர் என்பது அவ்வாதம். வழக்கு அவ்வாண்டு இறுதியில் தீர்ப்பின்றி முடிந்தது. எஞ்சியிருந்த கடைசிக் கதைகளும் அமெரிக்காவில் 2023 சனவரி 1 அன்று பொதுவுரிமைக்கு வந்தன.