தாடையை முன்னே தள்ளிய கைகள்: உறக்க மூச்சடைப்பு அறியப்பட்ட வரலாறு

'குறட்டை விட்டுத் தூங்குகிறார்' என்று தமிழில் சொன்னால் கவலையற்ற ஆழ்ந்த உறக்கம் என்றே பொருள்கொள்கிறோம். பொறுப்பைத் தட்டிக்கழிப்பவரைப் பற்றியும் இதே தொடரை எள்ளலாக வழங்குகிறோம். இரு வழக்குகளிலும் குறட்டை நிம்மதியின் அடையாளம்; நோயின் அடையாளம் அன்று. மருத்துவமும் வெகுகாலம் ஏறத்தாழ இவ்வாறே கருதியது. உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருவது 1965இல்தான் பதிவுக் கருவிகளால் தெளிவாக நிறுவப்பட்டது. ஆனால் அந்த அடைப்பை நீக்கும் வழி அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மயக்கமருந்து கொடுப்போருக்குத் தெரிந்திருந்தது. பின்னர் பல் மருத்துவக் கருவியொன்றிலும் இடம்பெற்றிருந்தது. தீர்வு முந்தியும் நோய் பிந்தியும் அறியப்பட்டது ஏன்?

முதலில் பெயரிலிருந்து தொடங்கலாம். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் தொடராக வெளியிட்ட 'பிக்விக் பேப்பர்ஸ்' புதினத்தில் ஜோ என்றொரு பருத்த சிறுவன் வருகிறான். வேலையின் நடுவிலேயே உறங்கிப்போகிறவன். 1956இல் சிட்னி பர்வெல் உள்ளிட்ட அமெரிக்க மருத்துவர்கள், மிகுந்த பருமனும் பகலுறக்கமும் கொண்ட நோயாளி ஒருவரை விவரித்து, அந்நிலைக்குப் பிக்விக்கின் பெயரையே சூட்டினர். சீட்டாட்டத்தில் வெல்லக்கூடிய சீட்டுகள் கையில் இருந்தும், உறங்கிப்போனதால் வாய்ப்பைத் தவறவிட்டவர் அந்த நோயாளி. பெயர் விரைவில் பரவியது. ஆய்வின் பார்வையையும் அதுவே வரையறுத்தது. பருமன், பகலுறக்கம், இரத்தத்தில் தேங்கும் கரியமிலவாயு ஆகியவையே பெரிதும் ஆராயப்பட்டன. அந்த மனிதர் இரவில் எப்படி மூச்சுவிடுகிறார் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

1965இல் பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் யுங், கூலோ ஆகியோரும், தனித்தனியாக இரவு முழுவதும் மூளையலைகளையும் மூச்சையும் பதிவு செய்தனர். உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதையும், ஒவ்வொரு முறையும் மூளை ஒரு கணம் விழித்துக்கொள்வதால் மூச்சு திரும்புவதையும் அப்பதிவுகள் காட்டின. பகலுறக்கத்தின் காரணம் துண்டுதுண்டான இரவுறக்கமே. 1976இல் ஸ்டான்ஃபோர்டில் கில்லெமினோவும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்ற பெயரை நிலைபெறச் செய்தனர். பருமன் இல்லாதவர்களுக்கும் இந்நோய் வரும் என்பதும் அக்காலத்தில் தெளிவாயிற்று. கதைமாந்தரின் பெயர் விலகியபோதுதான் மெலிந்த நோயாளிகளும் கண்ணுக்குத் தெரியலாயினர்.

இனித் தீர்வின் வரலாற்றுக்கு வருவோம். 1847இல் குளோரோஃபார்ம் பயன்பாட்டுக்கு வந்தபின் ஓர் இடர் அடிக்கடி எதிர்ப்பட்டது. மயங்கியவரின் தசைகள் தளர, நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சுவழியை அடைத்தது. கீழ்த்தாடையை அதன் கோணங்களுக்குப் பின்னிருந்து முன்னே தள்ளினால் வழி திறக்கும் என்று நார்வே மருத்துவர் ஹைபர்க் 1874இல் எழுதினார். ஜெர்மானிய அறுவை மருத்துவர் எஸ்மார்க்கின் பெயரும் இம்முறையோடு இணைந்தே வழங்குகிறது. இந்தியாவில் எட்வர்ட் லாரி முன்னின்று நடத்த, நிஜாம் அரசின் ஆதரவில் 1888, 1889 ஆண்டுகளில் ஹைதராபாத் குளோரோஃபார்ம் ஆணையங்கள் கூடின. குளோரோஃபார்ம் முதலில் மூச்சையே நிறுத்துகிறது, இதயத்தை அன்று என்ற அவற்றின் மையக் கருத்து பின்னாளில் நிலைக்கவில்லை. ஆனால் அவற்றின் செய்முறைக் குறிப்புகளில் ஒன்று இன்றும் பொருந்தும்: மூச்சு தடைப்பட்டால், கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே வரும்படி தாடையை முன்னிழுக்க வேண்டும்.

இதே அசைவைக் கருவியாக்கியவர் பாரிஸ் நகரின் வாய்-பல் மருத்துவரான பியர் ரொபேன். கீழ்த்தாடையை முன்னிறுத்திப் பிடிக்கும் 'மோனோபிளாக்' என்ற கருவியை 1902இல் அவர் அறிமுகம் செய்தார். சிறுத்த தாடையுடன் பிறந்த குழந்தைகளின் நாக்கு பின்சரிந்து மூச்சைத் தடுப்பதை 1923இல் விவரித்தார்.

அறிவு இருந்தது, ஆனால் அது உறங்குபவரை எட்டவில்லை. மயங்கியவரின் அருகில், மூச்சைக் கவனிப்பதையே கடமையாகக் கொண்ட ஒருவர் இருந்தார். உறங்கியவரின் அருகில் இருந்தவரோ, கேட்ட ஒலியைக் குறட்டை என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார். பல் மருத்துவம் தனிக் கல்லூரிகளும் தனிச் சட்டங்களும் கொண்ட துறையாகப் பிரிந்து வளர்ந்ததும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் அப்பிரிவுக்கு வடிவம் தந்தது. ஒரே மனிதரின் பற்கள் ஒரு துறைக்கும், அவற்றுக்குச் சில அங்குலம் பின்னாலுள்ள தொண்டை வேறொரு துறைக்கும் உரியவையாயின.

இவை மீண்டும் சந்தித்தது 1980களில். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன், மூக்கின் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் சீபேப் முறையை வெளியிட்டார். அதற்கு முன் கடுமையான நோய்க்குக் கழுத்தில் துளையிடுவதே உறுதியான வழியாக இருந்தது. 1982இல் கார்ட்ரைட்டும் சாமல்சனும் நாக்கை முன்னே பிடித்துவைக்கும் கருவியை விவரித்தனர். 1984இல் ஜெர்மனியின் மையர்-எவர்ட் குழுவினர் தாடையை முன்னிறுத்தும் கருவியால் சிகிச்சை அளித்ததை அறிவித்தனர். அதற்கு வழங்கிய பெயர் 'எஸ்மார்க் பொய்ப்பல்தகடு' என்னும் பொருளுடையது. குளோரோஃபார்ம் காலத்து நினைவை அந்தப் பெயரே காத்துவைத்திருக்கிறது.

1985இல் இந்திய வம்சாவளியினரான மயக்கவியல் மருத்துவர் சேஷகிரி மல்லம்பட்டி, பாஸ்டனிலிருந்து ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டும்போது உள்நாக்கும் மென்னண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்ப்பதே அது. மூச்சுக்குழாயில் குழல் செருகுவது கடினமாகுமா என்பதை முன்னறிய உருவான அம்முறை, இன்று உறக்க மருத்துவத்திலும் பயன்படுகிறது. அந்தக் காட்சியை நாள்தோறும் காண்பவர் பல் மருத்துவரே.

தில்லியைப் பொறுத்தவரை எண்கள் இருக்கின்றன. எய்ம்ஸ் மருத்துவமனையின் எஸ்.கே. சர்மா குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, தில்லியில் தாம் ஆராய்ந்த மக்களிடையே ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு உறக்கத்தில் மூச்சுக்கோளாறு இருப்பதாகக் கணித்தது. பகலுறக்கமும் சேர்ந்தவர்கள் 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. தெற்கு தில்லியின் நடுவயதினரிடையே நடந்து 2009இல் வெளியான ஆய்வில் இவை முறையே 9.3, 2.8 விழுக்காடு. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி முக்கியமானது. கருவி காட்டும் நோயைப் பலர் உணர்வதே இல்லை. 2014இல் வெளியான 'இனோசா' என்னும் இந்திய வழிகாட்டு நெறிகள், மிதமான அல்லது நடுத்தர நிலை நோயாளிகளில் சீபேப் பயன் தராதவர்களுக்கும் அதை விரும்பாதவர்களுக்கும் வாய்க்கருவியைப் பரிந்துரைத்தன.

பல் மருத்துவரின் பங்குக்கும் எல்லை உண்டு. பின்வாங்கிய கீழ்த்தாடை, குறுகி உயர்ந்த அண்ணம், ஓரங்களில் பற்தடம் பதிந்த நாக்கு, பெரிய டான்சில், தேய்ந்த பற்கள் ஆகியவற்றை அவர் கண்டு ஐயுறலாம். அவற்றை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்ய முடியாது. அதற்கு உறக்கப் பதிவு வேண்டும். ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் குறைவதும் 5 முதல் 15 முறை எனில் மிதம், 15 முதல் 30 எனில் நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. கடுமையான நிலைக்குச் சீபேப்பே முதல் தேர்வு. கருவி பொருத்துவதற்குப் போதிய உறுதியான பற்கள் வேண்டும். தாடையைச் சிறிது சிறிதாகவே முன்னகர்த்த வேண்டும். மூட்டு வலியும் கடிப்பொருத்த மாற்றமும் நேரலாம். கருவியை அணிந்தபடி மறுமுறை உறக்கப் பதிவு எடுத்தால்தான் அது பயன்படுகிறதா என்பது தெரியும்.

இறுதியாகச் சொல் பற்றி ஒன்று. 'ஆப்னியா' என்ற கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் 'மூச்சின்மை'. தமிழ் நாளிதழ்கள் 'தூக்கத்தில் மூச்சுத்திணறல்' என்று எழுதுகின்றன. 'திணறல்' என்ற சொல், திணறுபவர் அதை உணர்கிறார் என்று எண்ண வைக்கிறது. இந்நோயின் இயல்போ பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. 'உறக்க மூச்சடைப்பு' என்பது தொண்டை அடைபடும் வகைக்குப் பொருந்தும்; மூளையின் ஏவல் நின்றுபோகும் வகைக்கு வேறு சொல் வேண்டும், அதற்கு வாய்க்கருவியும் உரிய மருந்தன்று. எந்தச் சொல்லை ஏற்றாலும், இந்நோயின் முதல் சாட்சி நோயாளி அல்லர், அருகில் படுத்திருப்பவரே. "நடுவில் கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை" என்று அவர் காலையில் சொல்வதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடமும், அடுத்த முறை பல்லைக் காட்டப் போகும்போது அங்கும் சொல்லுங்கள்.